வேலிக்கும் ஒரு காவல்

பயிரைக் காப்பதற்காக வேலி போடுகிறோம். அந்த வேலியே பயிரை மேய்ந்துவிட்டால் யாரிடம் சென்று முறையிடுவது என்பது நம் நாட்டில் வழிவழியாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. வேலியைக் கண்காணிக்க ஓர் ஆளை நிறுத்தலாம் என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அவன் உண்மையைச் சொன்னால் சினங்கொண்டு அவனை விரட்டக்கூடியவர் யார்? அவனே கண்ணயர்ந்துவிட்டால் தட்டி எழுப்புபவர் யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காணாத வரையில், காவலாள் ஒருவனை நிறுத்தியதனால் மட்டும் பயிர் பிழைத்துவிடாது.

நாடாளும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. குடியாட்சி நாடுகளில், அமைச்சர்களின் ஆணைக்குக் கட்டுப்படாமல் பணியாற்ற வேண்டிய அதிகாரிகள் சிலர் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்பவர், தேர்தலை நடத்துபவர், குடிமக்களின் குறைகளை விசாரிப்பவர் ஆகியோர் இவ்வகையினர். அமைச்சர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் இவர்களை வைக்க வேண்டும். அதே சமயம், எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத குறுநில மன்னர்களாக இவர்களை ஆக்கிவிடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது எவ்வாறு? இங்கிலாந்தின் பாராளுமன்றம் இதற்கு விடை தேடி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் முயன்றிருக்கிறது. அம்முயற்சியின் வரலாற்றை, தணிக்கைத் தலைவர் என்னும் ஒரு பதவியை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே காண்போம். நம் நாட்டுத் தணிக்கைத் தலைவர் பதவியும் அதே வித்திலிருந்து முளைத்ததாதலால், இது நமக்கும் உரிய வரலாறே ஆகும்.

1667ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹாலந்து நாட்டுக் கடற்படை, தேம்ஸ் நதியின் கழிமுகத்தைக் கடந்து மெட்வே ஆற்றினுள் புகுந்தது. அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை எரித்தது. ‘ராயல் சார்லஸ்’ என்னும் பெருங்கப்பலைக் கைப்பற்றி இழுத்துச் சென்றது. போர்ச் செலவுக்கென்று பாராளுமன்றம் பெருந்தொகை வழங்கியிருந்தது. அப்படியிருந்தும் மாலுமிகளுக்குச் சம்பளம் பாக்கி நின்றது. பணம் எங்கே போயிற்று என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்டார்கள். கணக்குகளை ஆராய அவ்வாண்டிலேயே சட்டத்தின் வாயிலாக ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு 1669இல் அறிக்கை அளித்தது. ஆனால் அரசர் இரண்டாம் சார்லஸ் அவ்விவகாரத்தைத் தம்முடைய ஆலோசனைச் சபைக்கே எடுத்துக்கொண்டார். கடற்படை அலுவலகத்தின் சார்பில், நாட்குறிப்பினால் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற சாமுவேல் பீப்ஸ் அங்கே வாதாடினார். 1670இல் விவகாரம் மெல்ல மெல்ல ஓய்ந்து போயிற்று.

இதிலிருந்து பாராளுமன்றம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. செலவு செய்தவரின் முன்னிலையிலேயே செலவுக் கணக்கின் விசாரணை நடக்குமானால், அந்த விசாரணையால் பயன் இல்லை. பணத்தை வழங்கியவர் யாரோ அவர் முன்னிலையில்தான் கணக்கு வைக்கப்பட வேண்டும். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், பாராளுமன்றத்தின் இசைவின்றி அரசர் வரி தண்டலாகாது என்று உறுதி செய்தது. ஆயினும், பணத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் உரிமை பெறுவது ஒன்று. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று அறிவது மற்றொன்று. முதலாவது உரிமையை வென்ற பாராளுமன்றம் இரண்டாவதைப் பெறுவதற்கு இன்னும் ஒன்றே முக்கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்நாட்டில் தணிக்கையாளர்களே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எக்ஸ்செக்கர் எனப்பட்ட அரசாங்கக் கருவூலத்தின் தணிக்கையாளரைப் பற்றிய குறிப்பு 1314ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. எலிசபெத் அரசியின் காலத்தில், முன்பணக் கணக்குகளைத் தணிக்கை செய்யத் தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் காலப்போக்கில் இப்பதவிகள் காவற்பதவிகளாக இல்லாமல், உயர்குடியினர் அனுபவிக்கும் சொத்துக்களைப் போல ஆகிவிட்டன. பதவியின் வருவாய் பிரபுவுக்குச் சென்றது. வேலையைக் கூலிக்கு அமர்ந்த எழுத்தர்கள் செய்தார்கள். கணக்குகளோ பல ஆண்டுகள் முடிக்கப்படாமல் கிடந்தன. 1785இல் இளைய பிட், முன்பணத் தணிக்கையாளர் பதவிகளை ஒழித்து, அவற்றுக்குப் பதிலாக ஓர் ஆணையர் குழுவை அமைத்தார். பதவி இழந்த இருவருக்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 7,000 பவுன் வாழ்நாள் முழுவதும் ஈட்டுத்தொகையாக வழங்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அப்பதவிகள் எத்தகைய சொத்துக்களாகக் கருதப்பட்டன என்பது விளங்கும்.

இதனினும் வியப்பான நிகழ்ச்சி ஒன்று 1806இல் நேர்ந்தது. கருவூலத் தணிக்கையாளர் பதவி 1794 முதல் கிரென்வில் பிரபுவிடம் இருந்தது; அதற்கு ஆண்டுச் சம்பளம் 4,000 பவுன். 1806இல் அவரே பிரதம மந்திரியானார். நிதித்துறையின் தலைமையும் அவரிடமே வந்தது. பணத்தை வெளியே எடுக்க ஆணையிடும் கையும், அந்த ஆணை முறையானதா என்று பார்க்கும் கண்ணும் ஒரே மனிதருடையவை ஆயின! பழைய பதவியை விட்டுவிடுவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவரோ விடவில்லை. தணிக்கைப் பணியை அவர் சார்பில் வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டமே இயற்றிக் கொடுத்தது.

ஆனால் ஐந்தாண்டுகளுக்குப் பின், அதே கிரென்வில் அதே பதவியைக் கொண்டு அரசாங்கத்தைத் தடுத்து நிறுத்தினார். 1810இன் இறுதியில் மூன்றாம் ஜார்ஜ் அரசரின் அறிவு மீண்டும் கலங்கியது. அவருக்குப் பதிலாக ஆளும் உரிமை இன்னும் எவருக்கும் வழங்கப்படவில்லை. தரைப்படைக்கும் கடற்படைக்கும் உடனே பணம் வேண்டியிருந்தது. அரசரின் கையொப்பம் பெற வழியில்லாமையால், நிதித்துறைப் பிரபுக்கள் தாங்களே ஆணை அனுப்பினார்கள். 1811 ஜனவரியில் கிரென்வில், இந்த ஆணை சட்டத்துக்கு ஒத்ததன்று என்று கூறி, பணம் வெளியே செல்ல இசைய மறுத்தார். அப்போது அவர் ஆளுங்கட்சியில் இல்லை என்பதும் உண்மையே. இறுதியில், பாராளுமன்றத்தின் இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றி அவருக்கு ஆணையிட்ட பிறகே பணம் வழங்கப்பட்டது. பிரபு ஒருவர் சம்பளத்துக்காக வைத்திருந்த பதவியாயினும், அதில் இருப்பவர் ‘முடியாது’ என்று சொன்னால், போர் நடந்துகொண்டிருக்கும் வேளையிலும் அரசாங்கம் மக்கள் மன்றத்தின் வாயிலில் வந்து நிற்க வேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று. அத்தகைய வலிமையை ஒரு மனிதரின் கட்சிச் சார்புக்கு விட்டுவைக்கலாமா என்பதே அடுத்து எழுந்த வினா.

கிரென்வில் 1834 ஜனவரியில் காலமானார். அவ்வாண்டிலேயே அந்தப் பழைய பதவி ஒழிக்கப்பட்டு, கருவூலத்திலிருந்து பணம் வெளியேறுவதைக் கண்காணிக்கக் ‘கம்ப்ட்ரோலர் ஜெனரல்’ என்னும் புதிய பதவி ஏற்படுத்தப்பட்டது. 1839இல் அப்பதவிக்கு வந்தவர் மான்டீகிள் பிரபு. அதற்கு முன் அவர் நிதியமைச்சராக இருந்தவர். பல ஆண்டுகள் அவர் கருவூலத்தின் வாயிலைக் கருத்தோடு காத்தார். ஆனால் வாயிற்காவலன் எவ்வளவு விழிப்பானவனாக இருந்தாலும், பணம் வாயிலைத் தாண்டிய பிறகு அது எங்கே செல்கிறது என்பதை அவன் அறிய மாட்டான். பாய்மரம் வாங்கவென்று எடுத்த பணம் பாய்மரத்துக்கே செலவாயிற்றா, வேறொன்றுக்குத் திருப்பப்பட்டதா என்பதைச் செலவு முடிந்த பிறகுதான் காண இயலும். கடற்படைத் துறைக்குத் தலைவராயிருந்த சர் ஜேம்ஸ் கிரகாம் 1832இலேயே இதற்கு வழிகாட்டியிருந்தார். எந்த இனத்துக்கு எவ்வளவு வழங்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவாயிற்று என்று காட்டும் கணக்கை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்கும் முறையை அவர் தம் துறையில் கொண்டுவந்தார்.

இந்த முறையை எல்லாத் துறைகளுக்கும் விரித்தவர் கிளாட்ஸ்டன். அவர் நிதியமைச்சராக இருந்தபோது, 1861இல் பொதுமக்கள் சபையில் பொதுக் கணக்குக் குழு தோன்றியது. மறு ஆண்டில் அது நிலையான குழுவாக்கப்பட்டது. 1866இல், கருவூலம் மற்றும் தணிக்கைத் துறைச் சட்டம் நிறைவேறியது. வாயிலில் நின்று பார்க்கும் பணியும், செலவுக்குப் பின் ஆராயும் பணியும் ஒருவரிடமே சேர்க்கப்பட்டன. அவரே கம்ப்ட்ரோலர் அண்டு ஆடிட்டர் ஜெனரல்; அதாவது, நாம் தணிக்கைத் தலைவர் என்று இங்கே குறிப்பவர். 1867இல் முதன்முதலாக அப்பதவியை ஏற்றவர் சர் வில்லியம் டன்பார்.

அச்சட்டம் அவரைச் சுற்றி எழுப்பிய அரண்களை மாணவர்கள் ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். அவர் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார். இரு சபைகளும் சேர்ந்து அரசரிடம் விண்ணப்பித்தாலன்றி அவரை நீக்க இயலாது. நீதிபதிகளுக்கு 1701ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பே இவருக்கும் கிடைத்தது. அவருடைய சம்பளம், ஆண்டுதோறும் விவாதத்துக்கு வரும் மானியங்களில் அடங்காமல், பொதுத் தொகுநிதியிலிருந்து நேரே வழங்கப்படும். ஆகவே கோபங்கொண்ட அமைச்சர் அதைக் குறைக்க முடியாது. அவர் பாராளுமன்ற உறுப்பினராகவோ, அரசரின் கீழ் வேறு பதவி வகிப்பவராகவோ இருக்கக் கூடாது. கிரென்வில் காலத்து விந்தை இனி நடவாது. இவற்றோடு, அதிகம் பேசப்படாத மற்றொரு விதியும் உண்டு. தணிக்கைத் தலைவரின் அறிக்கையை நிதித்துறைதான் சபையில் வைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் அது வைக்கத் தவறினால், தணிக்கைத் தலைவர் தாமே அதை உடனே சபையின் முன் வைத்துவிட வேண்டும். உண்மையை மறைக்க விரும்புவோர் எப்போதும் அதைப் பொய்யாக்க முயல்வதில்லை, தாமதப்படுத்தினாலே போதும். இதை உணர்ந்து எழுதப்பட்ட விதி அது.

இருப்பினும், தணிக்கைத் தலைவருக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஒரு காசையும் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரமும் இல்லை. அவருக்கு உள்ளது எழுதும் அதிகாரம் ஒன்றே. அவர் எழுதியதைப் படித்து, உரிய அதிகாரியை அழைத்து, ‘இது ஏன் நடந்தது?’ என்று கேட்பது பொதுக் கணக்குக் குழுவின் வேலை. குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் துறையின் நிரந்தரத் தலைமை அதிகாரி. குழு தன் முடிவுகளை அறிக்கையாக வெளியிடும். நிதித்துறை அதற்கு எழுத்து மூலம் விடையளிக்கும். இக்குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பது அந்நாட்டு மரபு. பிற்காலத்தில் பிரதம மந்திரியான ஹரால்ட் வில்சன், 1959 முதல் 1963 வரை இக்குழுவின் தலைவராக இருந்தார்.

இந்த ஏற்பாடு எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். 1964இல் தணிக்கைத் தலைவராயிருந்த சர் எட்மண்ட் காம்ப்டன், ‘பிளட்ஹவுண்ட்’ என்னும் ஏவுகணையைச் செய்து கொடுத்த ஃபெராண்டி என்ற நிறுவனத்துக்கு மிகையான லாபம் கிடைத்திருப்பதைத் தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினார். கூலி முதலிய செலவுகளை அரசாங்கம் உயர்த்தி மதிப்பிட்டிருந்ததே அதற்குக் காரணம். பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. தனி விசாரணையும் நடந்தது. முடிவில் அந்நிறுவனம் 42,50,000 பவுனைத் திருப்பிக் கொடுத்தது. தணிக்கைத் தலைவர் எழுதினார், சபை படித்தது, பணம் திரும்பியது. நடுவில் உள்ள அந்தச் சொல் இல்லாவிடில் மூன்றாவது நிகழ்ந்திராது.

தணிக்கைத் தலைவர் பதவியின் வெற்றியைக் கண்டு, அதே அச்சில் வேறொரு பதவியையும் பாராளுமன்றம் வார்த்தது. அரசாங்க அலுவலகங்களின் தவறான நடவடிக்கையால் துன்புற்ற குடிமக்களின் முறையீடுகளை விசாரிக்க 1967இல் ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார். ஸ்வீடன் நாட்டில் 1809 முதலே இத்தகைய அதிகாரி உண்டு. அவரை ‘ஆம்புட்ஸ்மன்’ என்பர். இங்கிலாந்தில் முதல் ஆணையராக அமர்ந்தவர், முன்னாள் தணிக்கைத் தலைவரான அதே காம்ப்டன். பதவியேற்ற ஆண்டிலேயே, ஜெர்மனியின் சாக்சன்ஹௌசன் சிறைமுகாமில் வதைபட்ட ஆங்கிலேயர் சிலருக்கு ஈட்டுத்தொகை மறுக்கப்பட்ட வழக்கை அவர் ஆராய்ந்தார். அயல்நாட்டுத் துறை தவறான முறையில் முடிவெடுத்தது என்று எழுதினார். அத்துறையின் அமைச்சர் மனம் ஒப்பாமலே இணங்கினார். அவர்களுக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. இங்கும் ஆணையரின் கையில் இருந்தது எழுதுகோல் ஒன்றே. அதற்கு வலுவளித்தது பாராளுமன்றம்.

இவ்வளவு சிறப்பு வாய்ந்த 1866ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு பெருங்குறை இருந்தது. தணிக்கைத் தலைவரின் சம்பளம் பாதுகாப்பாக இருந்தது உண்மையே. ஆனால் அவருக்கு எத்தனை உதவியாளர்கள் வேண்டும், அவர்களுக்கு என்ன ஊதியம் என்பவற்றை முடிவு செய்யும் அதிகாரம் நிதித்துறையிடம் இருந்தது. காவலனின் உணவை எவரும் தொட முடியாது. ஆனால் அவன் விளக்குக்கு எண்ணெய் அளந்து ஊற்றுபவர், அவனால் கண்காணிக்கப்பட வேண்டியவரே! இந்நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. நார்மன் செயின்ட் ஜான் ஸ்டீவாஸ் என்ற உறுப்பினர் தனியார் மசோதாவாகக் கொண்டுவந்த தேசியத் தணிக்கைச் சட்டம் 1983இல் நிறைவேறி இதை மாற்றியது. தணிக்கைத் தலைவர் பொதுமக்கள் சபையின் அதிகாரி என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறியது. அவரை நியமிக்கும் தீர்மானத்தைப் பிரதம மந்திரி கொண்டுவர வேண்டும். ஆனால் பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் இசைவு முன்னதாகப் பெறப்பட வேண்டும். அவருடைய அலுவலகத்தின் செலவுத் திட்டத்தை ஆராயும் பொறுப்பு, பாராளுமன்ற உறுப்பினர்களே அடங்கிய பொதுக் கணக்கு ஆணையம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. தணிக்கை அலுவலகத்தின் சொந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய வெளியாள் ஒருவரை நியமிப்பதும் அந்த ஆணையமே. பணம் சிக்கனமாகவும் திறமையாகவும் பயன்தரும் வகையிலும் செலவிடப்பட்டதா என்று ஆராயும் உரிமையும் அவருக்குச் சட்டப்படி கிடைத்தது. ஆயின், அரசாங்கத்தின் கொள்கை நல்லதா தீயதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. அது மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் முடிவு செய்ய வேண்டியது.

இனி எல்லாம் முற்றுப்பெற்றது என்று பலரும் கருதியிருக்கக் கூடும். ஆனால் நாம் தொடக்கத்தில் கேட்ட மூன்றாவது கேள்வி இன்னும் மீதமிருந்தது. 2007இல் தணிக்கைத் தலைவராயிருந்த சர் ஜான் பூர்ன் 1988 முதல் அப்பதவியில் இருந்தவர். பதவிக்குக் கால எல்லை எதுவும் இல்லை. அவருடைய வெளிநாட்டுப் பயணச் செலவுகளும், அவர் ஏற்ற விருந்துகளும் பத்திரிகைகளில் கண்டனத்துக்கு உள்ளாயின. விதி மீறப்பட்டதா என்பதைக் காட்டிலும், பிறர் செலவை எடைபோடுபவரின் செலவை எடைபோடுபவர் யார் என்ற கேள்வியே மேலோங்கி நின்றது. 2008 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். பொதுக் கணக்கு ஆணையம் அலுவலகத்தின் ஆட்சிமுறையை ஆராயச் செய்தது. அதன் பயனாக 2011இல் புதிய சட்டம் வந்தது. பதவிக்காலம் 10 ஆண்டுகள். மறுமுறை நியமனம் இல்லை. அலுவலகத்தின் நிருவாகத்தைக் கவனிக்க ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதில் தலைவரையும் சேர்த்து வெளியாட்களே பெரும்பான்மையினர்.

இந்தச் சீர்திருத்தத்தின் நுட்பத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அலுவலகத்தின் செலவு, ஆட்கள், வேலைமுறை ஆகியவற்றை அம்மன்றம் மேற்பார்வை செய்யலாம். ஆனால் எந்தக் கணக்கைப் பற்றி என்ன எழுதுவது என்பதில் தணிக்கைத் தலைவரின் முழு உரிமையில் அது தலையிட முடியாது. அவருடைய தீர்ப்புக்குச் சுதந்திரம். அவருடைய நிருவாகத்துக்குக் கண்காணிப்பு. இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்துக் காண்பதற்கு 1866இலிருந்து 145 ஆண்டுகள் பிடித்தன. சுதந்திரம் என்பது எவருக்கும் பதில் சொல்லாதிருப்பது அன்று. பதில் சொல்ல வேண்டிய இடத்தை அமைச்சரின் அறையிலிருந்து மக்கள் மன்றத்துக்கு மாற்றுவதே அது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1858இல் கும்பினியாரிடமிருந்து ஆங்கில முடியரசு ஆட்சியை ஏற்ற பின், 1860இல் எட்மண்ட் டிரம்மண்ட் முதலாவது ஆடிட்டர் ஜெனரலானார். அந்நாளில் அவர் அரசாங்கத்தின் அங்கமாகவே இருந்தார். 1919ஆம் ஆண்டுச் சட்டம் அப்பதவிக்குச் சட்ட மதிப்பு அளித்தது. 1921இல் மத்திய சட்டசபையின் பொதுக் கணக்குக் குழு தோன்றியது. ஆனால் அதற்குத் தலைமை வகித்தவர் நிதித்துறை உறுப்பினரே. 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஆடிட்டர் ஜெனரலுக்குப் பெடரல் நீதிமன்ற நீதிபதியை ஒத்த பாதுகாப்பை வழங்கியது. விடுதலைக்குப் பின் 1948இல் இந்தியரான வி. நரஹரி ராவ் அப்பதவியை ஏற்று, குடியரசின் முதல் தணிக்கைத் தலைவராகவும் விளங்கினார்.

1949இல் அரசியல் நிர்ணய சபையில் இப்பதவி பற்றிய விவாதம் நடந்தபோது, அரசியலமைப்பின் கீழுள்ள அதிகாரிகள் அனைவரிலும் மிக முக்கியமானவர் இவரே எனலாம் என்னும் கருத்தை அம்பேத்கர் வெளியிட்டார். நீதித்துறைக்கு இருக்கும் சுதந்திரத்தில் சிறிதும் குறையாத சுதந்திரம் இவருக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கிணங்க 148ஆம் விதி, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையிலன்றி இவரை நீக்க முடியாது என்கிறது. இவருடைய ஊதியத்தை இவருக்குப் பாதகமாக மாற்ற முடியாது. அலுவலகத்தின் நிருவாகச் செலவு இந்தியத் தொகுநிதியைச் சாரும். பதவி முடிந்தபின் இந்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் முடியாது. நாளைய பதவியின் ஆசை இன்றைய எழுத்தை வளைக்கலாகாது அல்லவா? 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதவிக்காலம் 6 ஆண்டுகள், அல்லது 65 வயது நிரம்பும் வரை. இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே எல்லை.

பொதுக் கணக்குக் குழுவும் வளர்ந்தது. 1950 முதல் அது நிதியமைச்சரின் தலைமையினின்று விடுபட்டு, சபாநாயகரின் மேற்பார்வையில் இயங்கும் பாராளுமன்றக் குழுவாயிற்று. மக்களவை உறுப்பினர் 15 பேரும் மாநிலங்களவை உறுப்பினர் 7 பேரும் அதில் இருப்பர். அமைச்சர் எவரும் இடம்பெற முடியாது. 1967இல் மினூ மசானி தலைவரானது முதல், எதிர்க்கட்சியினர் ஒருவர் அதற்குத் தலைமை வகிக்கும் மரபு தொடங்கியது.

இரு நாடுகளையும் ஒப்பு நோக்கினால் இரண்டு வேறுபாடுகள் தென்படும். நம் தணிக்கைத் தலைவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அதாவது, அமைச்சரவையின் ஆலோசனைப்படி நியமனம் நடைபெறுகிறது. நீக்குவதற்குப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் வேண்டும். தேர்ந்தெடுப்பதற்கு அரசியலமைப்பு அவற்றுக்குப் பங்கு தரவில்லை. மற்றொன்று, அறிக்கையைப் பற்றியது. 151ஆம் விதிப்படி மத்திய அரசின் கணக்கு பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவரிடமும், மாநிலத்தின் அறிக்கை ஆளுநரிடமும் அளிக்கப்பட்டு, அவர்கள் வழியாகச் சபைகளின் முன் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாட்களுக்குள் வைக்க வேண்டும் என்று அவ்விதி கூறவில்லை. 1866ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்த அந்தச் சிறு பாதுகாப்பு, கடல் கடந்து வரும் வழியில் விடுபட்டுவிட்டது.

சட்டத்தின் சொற்கள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அவற்றுக்கு உயிரூட்டுவது படிப்பவரின் அக்கறையே. தணிக்கை அறிக்கை தடித்த புத்தகம்; அட்டவணைகள் நிறைந்தது; கதையைப் போல் படித்துவிட முடியாது. ஆனால் கட்டி முடிக்கப்படாத பள்ளிக்கூடத்தின் கணக்கும், நோயாளிகளுக்குச் சேராமல் காலாவதியான மருந்தின் கணக்கும் அத்தகைய பக்கங்களில்தான் வெளிப்படும். நாளை சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் இன்றைய மாணவர்களுள் சிலர் அமரப் போகிறார்கள். மற்றவர்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். தமிழ்நாட்டின் கணக்குகள் பற்றிய தணிக்கை அறிக்கை சென்னைச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது என்னும் செய்தியைக் காணும்போது, அதில் ஓர் அத்தியாயத்தையாவது தேடிப் படிக்க வேண்டும். அது எந்த ஆண்டின் செலவைப் பற்றியது, எத்தனை காலம் கழித்து நம் கைக்கு வந்தது, அதைப் பற்றிக் கணக்குக் குழு யாரை அழைத்து என்ன கேட்டது என்று விசாரிக்க வேண்டும்.